பெர்பேத்துவாவுக்கு என்ன பிடிக்கும்?

எங்கள் தெருவில் தொன் இலாரியோன் கோல்கேயோடு சண்டை போடாதவர் ஒருவர் இருந்தால், அவர் போன வாரம்தான் குடி வந்திருக்க வேண்டும். எங்கள் சுரங்க ஊரான ஒரூரோவின் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீஸில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். முடிச்சு சரியில்லை, முகவரி கோணல், சாக்கு ஈரம் என்று எதையாவது சொல்லிப் பாதிப் பொட்டலங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு திருப்பி அனுப்பப் பொட்டலம் கிடைக்கவில்லை. மனிதர்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். கதவைத் தட்டினால் திட்டு, தட்டாமல் போனால் அதற்கொரு திட்டு. பார்சல்காரர் என்று தெருவே பெயர் வைத்திருந்தது. அவர் காதில் விழும்படியாகவே கூப்பிடுவோம்.

மார்ச் மாதம் அவர் மனைவி பெர்பேத்துவா இறந்தாள். சந்தையிலிருந்து வந்து பையை இறக்கி வைத்தவள், "கொஞ்சம் மூச்சு வாங்குது" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வருஷக் குடித்தனம் அத்தோடு சரி. அடக்கத்துக்குத் தெரு மொத்தமும் போனது, அவளுக்காகப் போனது. அன்றைக்கும் அந்த மனுஷன் கல்லறை வாசலில் நின்றுகொண்டு, சேற்றுக் காலோடு வண்டியில் ஏறாதே என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். துக்கம் அவருக்கு மலையளவு இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், எதிரே வந்தவர்களிடமெல்லாம் கோபமாகச் சொன்னார். நாங்களும் என்ன மகான்களா? பதிலுக்குக் கொடுத்தோம். மே மாதத்துக்குப் பிறகு அவரிடம் யாரும் பேசுவதில்லை.

அப்படியே அக்டோபர் வந்துவிட்டது.

நவம்பர் முதல் தேதி, பகல் பன்னிரண்டு மணிக்குச் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். மறுநாள் பன்னிரண்டுக்குப் புறப்பட்டுப் போவார்கள். இறந்த முதல் மூன்று வருஷமும் படையல் மேசை போட வேண்டும், அதிலும் முதல் வருஷம் குறை வைக்கவே கூடாது. மேசையில் அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு இல்லாவிட்டால் வந்த உயிர் அழுதுகொண்டே திரும்பும். சாப்பாடு இருந்தும் அக்கம்பக்கத்தார் வந்து ஜெபம் சொல்லாவிட்டால், அது அவர்களுக்குப் போய்ச் சேராது. யாரையும் கூப்பிடவும் கூடாது. கதவைத் திறந்து வைக்க வேண்டும், மனசிருப்பவர்கள் வருவார்கள், ஜெபம் சொல்வார்கள், ரொட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். இதெல்லாம் எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

தொன் இலாரியோன் கோவில் பக்கமே தலைகாட்டாதவர். பாதிரியாரோடும் ஒரு சண்டை உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் அவர் விளையாடவில்லை. பெர்பேத்துவா எட்டு மாதம் கழித்து வீட்டுக்கு வருகிறாள். அவளைப் பசியோடு திருப்பி அனுப்ப முடியுமா?

அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி மாவு மூட்டையும் பன்றிக்கொழுப்பும் முப்பது முட்டையும் சுமந்துகொண்டு தோன்யா காசிமீராவின் அடுப்படிக்குப் போனார். அந்த வாரத்தில் அவளுடைய பெரிய மண் அடுப்பை ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று முறை போட்டு வாடகைக்கு எடுப்போம். உள்ளே ஏழெட்டுப் பெண்கள் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். ஏணி ரொட்டி, குதிரை ரொட்டி, சாந்து முகம் பதித்த பொம்மை ரொட்டி எல்லாம் பலகையில் வரிசையாக இருந்தன. ஏணி இறங்கி வர, குதிரை சுமை தூக்கிப் போக. பார்சல்காரரைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"வாங்க தொன் இலாரியோன்," என்றாள் காசிமீரா. அவளுக்கு எல்லோரும் வாடிக்கைதான். "மாவை இங்க வைங்க. மேசைக்கு என்ன சமைக்கப் போறீங்க? பெர்பேத்துவாவுக்கு என்ன பிடிக்கும்?"

"வாற்கோதுமைக் கஞ்சி," என்றார் அவர், கேட்டதே தப்பு என்கிற மாதிரி. "அவிச்ச உருளைக்கிழங்கு. உப்புக் கம்மியா."

மாவில் இருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. ஒருத்தி உதட்டைக் கடித்தாள். மூலையில் இருந்த இன்னொருத்தியால் அடக்க முடியவில்லை, மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முகமெல்லாம் மாவு.

"என்ன சிரிப்பு? செத்தவ விஷயத்துல என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல, கஞ்சி உங்களுக்குப் பிடிக்கும் தொன் இலாரியோன்," என்றாள் காசிமீரா. "நான் கேட்டது அவங்களுக்கு."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. வழக்கமாக இருந்தால் அடுப்படி இரண்டாகியிருக்கும். அன்று அவர் பேசாமல் வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்து யோசித்தார். கஞ்சி அவர் வயிற்றுக்காக வந்தது. கல்யாணமான முதல் வருஷமே அவருக்குக் குடல் புண். அன்றிலிருந்து வீட்டில் காரம் கிடையாது, புளிப்பு கிடையாது, வறுவல் கிடையாது. அவர் என்ன சாப்பிட்டாரோ அதைத்தான் அவளும் சாப்பிட்டாள். முகம் சுளித்ததில்லை. ஆனால் பிடித்ததா? அவள் ஒரு தட்டை ஆசையாக இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டதை அவர் எப்போதாவது பார்த்திருக்கிறாரா? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. நாற்பத்தொரு வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவளைப் பற்றி இவ்வளவுதான் தெரியுமா அவருக்கு?

புவெனஸ் ஐரஸில் இருக்கும் மகள் நோராவுக்குப் போன் போட்டார்.

"அம்மாவுக்கா?" நோரா யோசித்தாள். "உங்களுக்கு என்ன பிடிக்குமோ அதுதான் அவங்களுக்கும் பிடிக்கும், அப்பா."

"அது பதிலா?"

"வேற என்ன சொல்றது? நம்ம வீட்டுல வேற என்ன இருந்துச்சு?"

அவர் போனை வைத்தார். இனி விட மாட்டார். தொலைந்த பொட்டலத்தைத் தேடி ஐந்து ஊருக்குத் தந்தி அடித்த மனுஷன் அவர். அடுப்படிப் பெண்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. சிரித்தவள் எதற்குச் சிரித்தாள்?

அன்று மாலையே காசிமீராவிடம் திரும்பப் போனார். அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நான் வாக்குக் குடுத்திருக்கேன். செத்தவளுக்குக் குடுத்த வாக்கை மீற மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்றேன், வியாழக்கிழமையை நினைச்சுப் பாருங்க."

வியாழக்கிழமை. வியாழக்கிழமை தோறும் பெர்பேத்துவா பதினோரு மணிக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு சுரங்கத்து மாதா கோவிலுக்குப் போவாள். ஒரு மணிக்கு வருவாள். மூக்கு சிவந்திருக்கும், கண் கலங்கியிருக்கும். மாதாவிடம் அழுதுவிட்டு வருகிறாள் என்று அவர் நினைத்திருந்தார். அவளுடைய அம்மாவுக்காகவோ, பிறந்து மூன்றாம் நாளே போன முதல் குழந்தைக்காகவோ அழுகிறாள் என்று எண்ணி, வியாழக்கிழமைகளில் மட்டும் அவளைத் திட்டாமல் இருப்பார். எதற்கு அழுதாய் என்று கேட்டதில்லை. கேட்டால் அவளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கேட்டால் தனக்குக் கஷ்டமாக இருக்கும் என்பதுதான் உண்மை.

மறுநாள் காலை மூன்றாவது வீட்டு ரெம்பெர்த்தோவின் கதவைத் தட்டினார். திருவிழா வாத்தியக் குழுவில் பெரிய குழல் ஊதுகிறவன் அவன். வண்டிச் சக்கரம் அளவு வாய் உள்ள பித்தளைக் குழல். கார்னிவலுக்கு நான்கு மாதம் இருக்கும்போதே வீட்டில் பயிற்சி ஆரம்பித்துவிடுவான். பார்சல்காரர் அவன் மேல் மூன்று தடவை போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"அடடே!" என்றான் ரெம்பெர்த்தோ. "இன்னும் நான் ஊதவே ஆரம்பிக்கல, அதுக்குள்ளயா?"

"சண்டைக்கு வரல. ஒரு விஷயம் கேக்கணும். என் வீட்டுக்காரி வியாழக்கிழமை எங்க போவா?"

ரெம்பெர்த்தோ அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டான். "சொல்றேன். ஆனா சும்மா இல்ல. உட்காருங்க. ஒரு முழுப் பாட்டு, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேக்கணும். காதைப் பொத்தக் கூடாது, எந்திரிக்கக் கூடாது."

பன்னிரண்டு நிமிஷம் ஊதினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தொன் இலாரியோன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "நடுவுல ஒரு இடத்துல மூச்சு வாங்க மறந்துட்ட," என்றார். ரெம்பெர்த்தோ அசந்து போனான். அது உண்மைதான்.

"என் பக்கத்துலதான் உட்காருவாங்க," என்றான் அவன், குழலைத் துடைத்துக்கொண்டே. "வியாழக்கிழமை குடல் குழம்பு. மஞ்சள் மிளகாயை அரைச்சு ஊத்தி, மேல பச்சை லொகோட்டோ மிளகாயை நறுக்கிப் போட்டு. தோன்யா பெர்பேத்துவாவுக்கு அது பத்தாது. தனியா ஒரு கிண்ணம் மிளகாய்த் துவையல் வாங்கி மேல கொட்டிக்குவாங்க. ரெண்டு தட்டு, சில நாள் மூணு. சுரங்கத்துல வேலை பார்க்கிற ஆளுங்க அவங்க தட்டைப் பார்த்துட்டு எந்திரிச்சுப் போயிருக்காங்க. கண்ணுல தண்ணி கொட்டும், மூக்கு சிவந்துரும், சிரிச்சுக்கிட்டே சாப்பிடுவாங்க."

தொன் இலாரியோனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டதை அவர் எங்கே கண்டார்! முழுப் பூசணிக்காயை எத்தனை வருஷம் சோற்றில் மறைத்து வைத்திருந்தாள்! "எங்க?" என்றார். "எந்தக் கடையில?"

ரெம்பெர்த்தோ குழலைக் கீழே வைத்தான். "கடை இல்ல. பின் சந்து வழியா வந்து தோன்யா சத்தூர்னினா வீட்டு முன் அறையில சாப்பிடுவாங்க. நீங்க இழுத்து மூட வச்சீங்களே, அங்க."

சத்தூர்னினா அவருக்கு நேர் எதிர் வீடு. வியாழக்கிழமை மட்டும் முன் அறையில் நாலு பெஞ்சு போட்டுச் சாப்பாடு போடுவாள். போன வருஷம் ஆகஸ்டில், மிளகாய் நெடி ஜன்னல் வழியாக வந்து தொண்டையைக் கமறுகிறது, லைசென்ஸும் கிடையாது என்று தொன் இலாரியோன் நகராட்சிக்கு மூன்று நகல் வைத்துப் புகார் எழுதினார். ஒரு வாரத்தில் ஆள் வந்து கதவில் காகிதம் ஒட்டினார்கள். அன்று இரவு சாப்பிடும்போது பெர்பேத்துவாவிடம் பெருமையாகச் சொன்னார். அவள் "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடித்தாள்.

இப்போது அந்த "அப்படியா" அவர் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. தெருவைக் கடக்க அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. பத்தடித் தெரு.

சத்தூர்னினா கதவைத் திறந்தாள், ஆனால் வழிவிடவில்லை. குட்டையான பெண், அகலமான பாவாடை, நாக்கு கத்தி.

"என்ன தொன் இலாரியோன், இன்னும் புகை வருதா? அடுப்பே எரியலியே."

"எனக்குத் தெரியாது," என்றார் அவர். "அவ இங்க வர்றது எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

அவர் பொய் சொல்லவில்லை. "தெரியல. அப்பவும் புகார் குடுத்திருப்பேனோ என்னவோ."

அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. கதவிலிருந்து கையை எடுத்தாள். "மூடினப்புறமும் வந்தா. ஏழு மாசம். அவளுக்காக ஒரு தட்டு செய்வேன். பின் கதவு வழியா வந்து, யாரும் பார்க்காம, நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டுப் போவா. உட்காருடின்னா உட்கார மாட்டா. உனக்கு என்னால நஷ்டம், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உட்கார்றதும்பா."

திருடி மாதிரி நின்றுகொண்டு சாப்பிட்டிருக்கிறாள், அவருடைய பெர்பேத்துவா. அவமானம் தாங்கவில்லை அவருக்கு. "மேசைக்கு அந்தக் குழம்பு வேணும்," என்றார். "செஞ்சு தருவீங்களா?"

"மாட்டேன். அந்த அடுப்பை அணைச்சது நீங்க. நீங்களே வந்து பத்த வைங்க, நீங்களே குடலைக் கழுவுங்க, நீங்களே மிளகாயை அரைங்க. நான் பக்கத்துல நின்னு திட்டுவேன். அதுக்கு முன்னால நகராட்சிக்குப் போய் அந்தக் காகிதத்தை எடுக்க வழி பண்ணிட்டு வாங்க."

முப்பத்தொன்றாம் தேதி காலையில் நகராட்சி வாசலில் முதல் ஆளாக நின்றார். உள்ளே இருந்த பெண் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"புகாரை வாபஸ் வாங்கப் படிவம் இல்லையே சார். யாரும் வாங்கினதில்ல."

"அப்ப நான் வெள்ளைத் தாள்ல எழுதறேன்."

"காரணம் எழுதணும்."

அவர் மூன்று நகல் எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'என் மனைவிக்கு அந்தச் சாப்பாடு பிடிக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் அதை இரண்டு தடவை படித்தாள். விடுமுறை முடிந்து அதிகாரி வந்து பார்ப்பார், அதுவரை காசு வாங்காமல் சமைத்தால் யாரும் கேட்க முடியாது என்று தணிந்த குரலில் சொல்லி, முத்திரை குத்திக் கொடுத்தாள். பார்சல்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆபீஸில் சண்டை போடாமல் வெளியே வந்தார்.

நவம்பர் முதல் தேதி காலை ஆறு மணிக்குச் சத்தூர்னினா வீட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். குடலை உப்பும் எலுமிச்சையும் போட்டு நாலு தடவை தேய்த்துக் கழுவினார். ஐந்தாவது தடவையும் கழுவச் சொன்னாள். பிறகு அம்மிக்கு வந்தார். எங்கள் ஊர் அம்மியில் பிறை மாதிரி இருக்கும் குழவியை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்து அரைக்க வேண்டும். ஊற வைத்த மஞ்சள் மிளகாயின் நெடி மூக்கில் ஏறியதும் இருமலில் மனுஷன் பாதி உயிர் போய்த் திரும்பினார்.

"பட்டணத்து மாப்பிள்ளை மாதிரி தடவாதீங்க! அழுத்தி அரைங்க!"

"அழுத்தித்தானே அரைக்கறேன்! கல்லு வழுக்குது! கல்லைக் கொத்தி எத்தனை வருஷம் ஆச்சு? வீட்டை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா?"

"வாய் மட்டும் குறையல பாரு!"

திட்டிக்கொண்டே அரைத்தார், அரைத்துக்கொண்டே அழுதார். மார்ச் மாதத்திலிருந்து அழாதவர். தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது, கையில் மிளகாய் இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. சத்தூர்னினா தன் சால்வை நுனியை எடுத்து அவர் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, "ம், மிச்சத்தையும் அரைங்க," என்றாள்.

பதினொன்றே முக்காலுக்குக் குழம்பு தயார். அவர் வீட்டு முன் அறையில் கறுப்புத் துணி போட்ட மேசை காத்திருந்தது. பெர்பேத்துவாவின் படம், மெழுகுவத்தி, கரும்பு, காசிமீரா சுட்டு அனுப்பிய ரொட்டிக் குவியல். கதவு திறந்திருந்தது. தெருவில் ஒருத்தரும் இல்லை. மற்ற வீடுகளிலும் மேசை உண்டு, ஜனங்கள் மனசுக்குப் பிடித்த வீட்டுக்குத்தானே போவார்கள். ஊரோடு பகைத்தால் என்ன ஆகும் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்?

அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். வாசற்படியில் கால் வைக்கும்போது சத்தூர்னினா பின்னால் ஓடி வந்தாள்.

"நில்லுங்க! உள்ள போகாதீங்க!"

"மணி ஆகுது!"

"காலையில இருந்து நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். சொல்ல மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். ஆனா இப்ப சொல்லலேன்னா பெரிய பாவம் ஆயிரும்." அவளுக்கு மூச்சு இரைத்தது. "கல்யாணமான முதல் வருஷம் நீங்க ரத்தம் ரத்தமா வாந்தி எடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? ரயில்வே ஆஸ்பத்திரியில கையை விரிச்சுட்டாங்க."

"ஞாபகம் இருக்கு."

"அன்னிக்கு முட்டி போட்டே சுரங்கத்து மாதா கோவிலுக்குப் போனா. இவரு பிழைச்சா என் வீட்டு வாசப்படி தாண்டி மிளகாய் வராது, நான் உயிரோட இருந்தாலும் செத்தாலும் வராதுன்னு நேர்ந்துக்கிட்டா. அதனாலதான் வெளியில சாப்பிட்டா. உங்களை ஏமாத்த இல்ல. உங்ககிட்ட சொன்னா, எனக்காகவா இந்த விரதம்னு நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

தொன் இலாரியோன் ஒரு கால் படியிலும் ஒரு கால் தெருவிலுமாக நின்றார். கையில் சட்டி சுட்டது. உள்ளே கொண்டு போனால் அவளுடைய நேர்ச்சை உடையும். கொண்டு போகாவிட்டால் அவள் பசியோடு திரும்புவாள். பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம்.

"பிடிங்க இதை," என்று சட்டியை அவள் கையில் திணித்தார். உள்ளே ஓடி மேசையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். கரும்பு சாய்ந்தது, மெழுகுவத்தி அணைந்தது, மேசை நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. தெருவே கேட்கும் அந்தப் பழைய குரலில் கத்தினார். "ரெம்பெர்த்தோ! டேய் ரெம்பெர்த்தோ! ஒரு கை குடு!"

படையல் மேசையைத் தெருவில் போடுவார்களா? யாரும் போட்டதில்லை. செய்தி காற்றாய்ப் பறந்தது. ரெம்பெர்த்தோ ஓடி வந்து மறு முனையைத் தூக்கினான். பார்சல்காரருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள், கவிழ்ந்த ரொட்டிகளைப் பொறுக்கி அடுக்கினார்கள். ஒருத்தி கறுப்புத் துணியை இழுத்துச் சரி செய்தாள். காசிமீரா மாவு அப்பிய கையோடு வந்து மெழுகுவத்தியை ஏற்றினாள். கதவுக்கு வெளியே, வெட்ட வெயிலில், பெர்பேத்துவாவின் படத்துக்கு முன்னால் குடல் குழம்பும் பக்கத்தில் ஒரு கிண்ணம் துவையலும் வைத்தார்கள். மணி அடித்தது.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது மேசையைத் தூக்கத்தான். ஆனால் வந்தவர்கள் போகவில்லை. வியாழக்கிழமைப் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். அந்த வாசனை எழுந்ததும் அவரவருக்கு அவள் நினைவு வந்துவிட்டது. சத்தூர்னினா முதல் ஜெபத்தைத் தொடங்கினாள். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். அவரிடம் மே மாதத்திலிருந்து பேசாதவர்கள் அவர் மனைவிக்காக வரிசையில் நின்று பரமண்டல ஜெபம் சொன்னார்கள். அவர் ஒவ்வொருவர் கையிலும் ரொட்டி வைத்தார். "ரெண்டு கையால வாங்கு, கீழ போட்டுராத," என்று ஒருத்தனை அதட்டவும் செய்தார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நாலாவது ஜெபம் முடியும்போது ஒரு ஈ வந்தது. கரும்பைச் சுற்றியது, ரொட்டி மேல் நிற்கவில்லை, நேராகக் குழம்புத் தட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. தொன் இலாரியோனின் கை பழக்கதோஷத்தில் அடிக்க ஓங்கியது. சத்தூர்னினா அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

"விரட்டாதீங்க! யாருன்னு நினைச்சீங்க?"

அன்றைக்கு வருகிற ஈயை எங்கள் ஊரில் யாரும் விரட்ட மாட்டோம். குடல் குழம்புக்கு ஈ வராதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், அவர்கள் வீட்டில் யாரும் சாகவில்லை போலிருக்கிறது.

தொன் இலாரியோன் கையை மெல்ல இறக்கினார். தொப்பியைக் கழற்றினார். தட்டின் பக்கம் குனிந்தார். தெருவையே அதட்டும் அந்தக் குரல் எங்கேயோ உள்ளே போய்விட்டிருந்தது.

"பெர்பேத்துவா," என்றார். "காரம் போதுமா?"

நாற்பத்தொரு வருஷத்தில் சாப்பாட்டைப் பற்றி அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. காசிமீரா முகத்தை மூடிக்கொண்டாள். ரெம்பெர்த்தோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஈ கொஞ்ச நேரம் இருந்தது, துவையல் கிண்ணத்துக்கு ஒரு நடை போய் வந்தது, பிறகு பறந்துவிட்டது.

"போதாதாம்," என்றாள் சத்தூர்னினா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எனக்குத் தெரியாதா அவளை? இன்னும் நாலு மிளகாய் அரைச்சிருக்கணும். அதிகாரி வந்து பார்த்துட்டுப் போகட்டும், அடுத்த வியாழக்கிழமை அடுப்பு எரியும். காலையில ஏழு மணிக்கு வந்துருங்க. குடல் கழுவறது உங்க வேலை."

"ஏழு மணிக்கு வந்தா எப்ப வேகறது?" என்றார் தொன் இலாரியோன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அஞ்சு மணிக்கு வருவேன், கதவைத் திறந்து வைங்க."